அடிக்க ஆளில்லாத நாயகர்கள்: ஓபி அனிமே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேண்டஸி அனிமேயின் ‘ஓபி’ (overpowered, அதாவது மிதமிஞ்சிய பலம் கொண்ட) நாயகர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு எப்படியும் ‘யார் யாரை அடிப்பான்’ என்பதில் போய் நின்றுவிடும். ஐன்ஸும் ரிமுருவும் மோதினால் என்ன ஆகும், சைதாமா எல்லாரையும் ஒரே குத்தில் முடித்துவிடுவானா என்று விடிய விடிய ஓடும். எனக்கு அதைவிட வேறொரு கேள்விதான் பெரிதாகப் படுகிறது. எதிரியே இல்லாத அளவு பலத்தை ஒருவன் கையில் கொடுத்துவிட்டால் அவன் அதை என்னவென்று நினைத்துக்கொள்கிறான்? யார் பேச்சைக் கேட்கிறான்? கூடப் பார்க்கிற நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஸ்பாய்லர் நிறைய உண்டு. ஓவர்லார்ட் முதல் மூன்று சீசன், ஸ்லைம் இரண்டாம் சீசன், மாப் சைக்கோ முதல் சீசன், ஃப்ரீரென் முதல் 28 எபிசோட், இவற்றை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

ஓபி என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கதை தொடங்கும்போதே, அல்லது தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே, சுற்றி இருக்கிற யாராலும் தொட முடியாத உயரத்துக்குப் போய்விட்டவர்களை. ஓவர்லார்டின் ஐன்ஸ், ஸ்லைம் கதையின் ரிமுரு, தன் பெயரிலேயே ஓடும் தொடரின் நீண்ட ஆயுள் கொண்ட எல்ஃப் இன மந்திரவாதி ஃப்ரீரென், ஒன் பஞ்ச் மேன் சைதாமா, மாப் சைக்கோ 100-இன் மாப், சோலோ லெவலிங்கின் ஜின்வூ. இதில் சைதாமாவையும் மாபையும் கறாராகப் பார்த்தால் ஃபேண்டஸியில் சேர்க்க முடியாது, சூப்பர் ஹீரோ, அமானுஷ்யம் என்றுதான் வகை பிரிப்பார்கள். ஆனாலும் அவர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேசவே முடியாது. நருட்டோ, லூஃபி மாதிரி அடிவாங்கி அடிவாங்கி மேலே வருகிறவர்கள் வேறு வகை, அவர்களை இதில் சேர்க்கவில்லை.

ஜெயிப்பது உறுதி என்று தெரிந்த பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

நியாயமான கேள்விதான். ‘ஜெயிப்பானா’ என்ற பதற்றம் போய்விட்டால் கதை உட்கார்ந்துவிடும், இந்த வகையில் வருகிற பாதிக்குப் பாதி அனிமே அப்படித்தான் உட்கார்ந்துவிடுகின்றன. உட்காராமல் நிற்கிறவை எல்லாம் ஒரே ஒரு காரியத்தைச் செய்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. எதிரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு ஒரு ஆளை வைக்கின்றன. அது நாயகனை இடித்துச் சொல்கிற ஆள். ‘இது தப்பு, இதைச் செய்யாதே’ என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர். அப்படி ஒருவர் இருக்கிறாரா, இருந்தால் நாயகன் காது கொடுக்கிறானா, இல்லாவிட்டால் அவன் என்ன ஆகிறான் என்று பார்த்துக்கொண்டே போனால், ஒரே அச்சில் வார்த்த மாதிரித் தெரிகிற இந்தக் கதைகள் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பது புரியும்.

தமிழில் நமக்கு இதற்கு வசதியாக இரண்டு சொல் இருக்கிறது, பலம் என்று ஒன்று, அதிகாரம் என்று ஒன்று. பலம் ஒருவனுக்குள் இருப்பது. அதிகாரம் இன்னொருவர் மேல் செல்லுபடியாவது. இந்த நாயகர்களிடம் பலம் ஏறக்குறைய ஒரே அளவு. அதை எந்த இடத்தில் அதிகாரமாக மாற்றுகிறார்கள், மாற்ற மறுக்கிறார்கள் என்பதில்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறார்கள்.

ஐன்ஸும் ரிமுருவும் ஒரே மாதிரிதானே?

தொடக்கம் அப்படித்தான், அதுவும் ஆச்சரியப்படுகிற அளவுக்கு. ரிமுரு முந்தைய பிறவியில் மிகாமி சதோரு, 37 வயது, கம்பெனி வேலை, கல்யாணம் ஆகவில்லை. தெருவில் ஒருவன் கத்தியோடு ஓடிவரும்போது ஆபீஸ் ஜூனியரைக் காப்பாற்றப் போய்க் குத்துப்பட்டுச் சாகிறான். ஐன்ஸ் நிஜ உலகில் சுசுகி சதோரு. அவனும் கம்பெனி ஊழியன்தான். அப்பா அம்மா இல்லை, காதலி இல்லை, நண்பர்கள் என்று இருந்ததெல்லாம் யக்டிரசில் என்ற ஆன்லைன் விளையாட்டில் சேர்ந்து ஆடியவர்கள். பெயர்கூட ஒன்று, இரண்டு பேரும் சதோரு! இரண்டு பேரும் மனித உடம்பை இழந்து அசுரர் பக்கம் போய் விழுகிறார்கள், ஒருவன் எலும்புக்கூடாக, ஒருவன் ஸ்லைம் என்ற கொழகொழப்பான உருண்டையாக.

பிரிகிற இடம் எது என்றால், கண் திறந்ததும் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது.

ரிமுரு குகையில் கண் திறந்து முதலில் பார்ப்பது 300 வருடமாக அடைபட்டுக் கிடக்கும் வெல்டோரா என்ற டிராகனை. பேச்சுத் துணை இல்லாமல் தவித்துக்கொண்டிருக்கும் அந்த டிராகனோடு அவன் முதலில் நட்பாகிறான். அடுத்து பயந்து நடுங்குகிற கோப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்களின் கிராமம். அவர்களுக்கு ஒவ்வொருவராகப் பெயர் வைக்கிறான். அந்த உலகத்தில் பெயர் வைப்பது சும்மா இல்லை, வைக்கிறவனுடைய மாயசக்தி பெயர் வாங்குகிறவனுக்குப் போய்விடும். அது தெரியாமல் வரிசையில் நிற்க வைத்து வைத்துக்கொண்டே போய், கடைசியில் சக்தி தீர்ந்து மூன்று நாள் உருகிப்போய்க் கிடக்கிறான். எழுந்து பார்த்தால் கிராமமே வேறு, குள்ளமும் நோஞ்சானுமாக இருந்தவர்கள் தோள் அகன்று நிமிர்ந்து நிற்கிறார்கள். பின்னால் தன்னிடம் தோற்றுப்போன ஒன்றரை லட்சம் ஓர்க்குகளுக்கும் (பன்றிமுக அரக்கர்கள்) உட்கார்ந்து பெயர் வைக்கிறான். எடுத்துக் கொடுக்கக் கொடுக்கத்தான் தன் பக்கம் பெருகும் என்பது அவனுடைய பலத்தின் கணக்கு.

ஐன்ஸுக்கு வாய்த்தது வேறு. 41 பேர் சேர்ந்த கில்ட், அதாவது விளையாட்டுக் குழு, அவர்கள் கட்டிய நசாரிக் என்ற பிரம்மாண்டமான கல்லறைக் கோட்டை. விளையாட்டை நிறுத்தப்போகிற கடைசி நாளில் அதில் மிஞ்சியிருப்பது இவன் ஒருவன்தான். பழைய நண்பன் ஒருவன் வந்து, தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். ‘கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயேன்’ என்பதை வாய்விட்டுக் கேட்க இவனால் முடியவில்லை, அவன் போன பிறகுதான் காலி நாற்காலியைப் பார்த்துச் சொல்கிறான். சிம்மாசனத்தில் உட்கார்ந்து நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது விளையாட்டு முடிவதற்குப் பதில் உயிர்பெற்றுவிடுகிறது. அப்போது அவனைச் சுற்றி நிற்பது யார்? அந்த நண்பர்கள் எழுதிவைத்த கதாபாத்திரங்கள். அவனைக் கடவுளாகக் கும்பிடுவதற்கென்றே பிறந்தவர்கள். அவர்களில் ஒருத்தியான அல்பெடோ அவனைக் காதலிப்பதுகூட, கடைசி நிமிடத்தில் விளையாட்டுக்காக அவனே அவள் குறிப்பில் ஒரு வரியைத் திருத்தி எழுதியதால்.

அதனால்தான் அவன் தன்னை மறந்து சொல்கிற ஒரு வார்த்தைகூடக் கட்டளையாகிவிடுகிறது. நட்சத்திரங்களைப் பார்த்து ரசித்துக்கொண்டே ‘இந்த உலகத்தைப் பிடித்தாலும் நன்றாகத்தான் இருக்கும்’ என்கிற மாதிரி பேச்சுவாக்கில் ஒன்று சொல்கிறான். பக்கத்தில் நின்ற டெமியுர்ஜ், அவனும் அந்தக் கதாபாத்திரங்களில் ஒருவன், அதை அப்படியே வாங்கிக்கொண்டு நசாரிக்கின் கொள்கையாக்கிவிடுகிறான். பிறகு எத்தனையோ உயிர்கள் போகின்றன. ‘நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை’ என்று சொல்ல ஐன்ஸுக்குத் தைரியம் வருவதில்லை, ஏனென்றால் தான் சர்வஞானி இல்லை என்று தெரிந்தால் இவர்களும் தன்னை விட்டுப் போய்விடுவார்களோ என்று உள்ளுக்குள் சுசுகி சதோரு பயப்படுகிறான். கண்ணாடி முன்னால் நின்று ராஜா மாதிரிப் பேசிப் பழகுகிற காட்சியைப் பார்த்துப் பலரும் சிரிப்பார்கள். எனக்கு அது அந்தத் தொடரிலேயே மிகவும் தனிமையான காட்சி.

இரண்டு பேரும் படைகளைக் கூண்டோடு அழித்திருக்கிறார்களே? ரிமுருவுக்கு ஒரு நியாயம், ஐன்ஸுக்கு ஒரு நியாயமா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கட்ஸே சமவெளி, ஓவர்லார்ட் மூன்றாம் சீசனின் முடிவு. பேரரசின் கூட்டாளியாக வந்து நிற்கும் ஐன்ஸ் ஒரு மந்திரம் போடுகிறான். எதிரே இருந்த 70,000 வீரர்கள் நின்ற இடத்திலேயே செத்து விழுகிறார்கள். ரத்தம் இல்லை, சத்தம் இல்லை. அந்த உயிர்களைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு வானத்திலிருந்து ஐந்து பேருருவங்கள் பிறந்து விழுகின்றன, ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்திக்கொண்டே மிச்சம் இருப்பவர்களை மிதித்துக்கொண்டு ஓடுகின்றன. ஐன்ஸ் அப்போது என்ன நினைக்கிறான் தெரியுமா? ‘ஐந்தா! ஒரே நேரத்தில் ஐந்து வந்தது சாதனையாக இருக்குமே’ என்று சந்தோஷப்படுகிறான். விளையாட்டில் அபூர்வமான பொருள் கிடைத்தவனின் சந்தோஷம் அது. அப்புறம் திரும்பி, தன் பக்கத்து வீரர்களைக் கைதட்டச் சொல்கிறான். பயத்தில் அவர்கள் தட்டுகிறார்கள்.

அனிமே அந்தக் காட்சியை மிதிபடுகிறவர்கள் நிற்கிற தரையிலிருந்து காட்டுகிறது. வயலை விட்டு வந்த குடியானவர்கள், வீட்டுக்குப் போகணும் என்று அழுகிறவர்கள். மூன்று சீசனாக நாம் யார் தோள்மேல் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தோம் என்பது அங்கேதான் உறைக்கிறது.

இப்போது ரிமுரு. அவன் ஊரில் மூன்று சட்டம் வைத்திருக்கிறான். மனிதர்களைத் தாக்கக் கூடாது, உங்களுக்குள் அடித்துக்கொள்ளக் கூடாது, மற்ற இனத்தாரைக் கேவலமாகப் பார்க்கக் கூடாது. கேட்க எவ்வளவு நல்ல சட்டங்கள்! அவன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து ஃபால்முத் ராஜ்ஜியத்திலிருந்து ஆள் வந்து தாக்குகிறார்கள், வந்தவர்கள் மனிதர்கள். ஊர்க்காரர்கள் ஒரு கணம் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் ரிமுருவின் காரியதரிசி ஷியோன் உட்படப் பலர் செத்துப்போகிறார்கள். திரும்பி வந்த ரிமுரு சதுக்கத்தில் வரிசையாகக் கிடத்தியிருக்கும் உடல்களைப் பார்க்கிறான். தன் நல்ல வார்த்தைதான் இவர்கள் கையைக் கட்டிப்போட்டது என்பது அவனுக்குப் புரிந்துவிடுகிறது. அழ நினைக்கிறான், ஸ்லைம் உடம்பில் கண்ணீர் வரவில்லை.

செத்தவர்களைத் திரும்பக் கொண்டுவர ஒரே வழி அவன் அசுர அரசனாக மாறுவது, அதற்கு 10,000 மனித உயிர்கள் வேண்டும். 20,000 பேர் கொண்ட ஃபால்முத் படை வந்துகொண்டிருக்கிறது. தனியாகப் போகிறான். வானத்தில் நீர்த்துளிகளை லென்ஸ் மாதிரி நிறுத்தி, சூரிய ஒளியைக் குவித்து, ஊசி முனை அளவுக் கதிர்களால் ஒவ்வொருவராகச் சுட்டு வீழ்த்துகிறான். மெகிடோ என்று அதற்குப் பெயர். படையே போய், கடைசியில் உயிரோடு மிஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ரிமுரு செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். சரணடைய வந்தவர்களும் அந்த 20,000-இல் இருந்தார்கள், அனிமே அதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் ஐன்ஸ் செய்ததையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ரிமுரு யாருக்காகக் கொல்கிறான் என்பது அவனுக்குத் தெரியும், அவர்கள் பெயர் அவன் வைத்த பெயர். போகும் முன் ஊர்க்காரர்களைக் கூட்டி, தான் முன்பு மனிதனாக இருந்தவன் என்பதைச் சொல்லிவிட்டு, இனி மனிதர்களோடு எப்படி நடந்துகொள்வது என்று அவர்கள் வாயால் பேச வைக்கிறான். தப்பு தன் வாயிலிருந்து தொடங்கியது என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்கிறான். ஐன்ஸ் கொன்ற 70,000 பேரில் அவனுக்கு ஒருவரையும் தெரியாது. செய்யாதே என்று சொல்ல அவன் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

என்னை இன்னும் உறுத்துவது ஒன்று உண்டு. ஃபால்முத் வீரர்களின் வீட்டை அந்த அனிமே நமக்குக் காட்டவே இல்லை. ஓவர்லார்ட் காட்டுகிறது. கதை யாருடைய கண்ணீரைக் காட்டுகிறதோ அவர் பக்கம் நாம் சாய்ந்துவிடுகிறோம், அது ரிமுருவுக்குக் கிடைத்த சலுகை.

அப்போ ஐன்ஸ் வில்லன்தானே?

எனக்கு அவனை அப்படித் தள்ளிவிட மனம் வரவில்லை. கார்னே கிராமத்தை முதலில் காப்பாற்றியவன் அவன்தான். ஆனால் எப்படிக் காப்பாற்றினான் என்று பாருங்கள். மாயக் கண்ணாடியில் கிராமத்தார் வெட்டுப்படுவதைப் பார்க்கிறான், மனதில் எதுவுமே எழவில்லை. உணர்ச்சி பெருகினால் தானாக அடங்கிவிடும் உடம்பு அது. விட்டுவிடலாம் என்று திரும்பும்போது நசாரிக்கின் பட்லர் செபாஸ் பக்கத்தில் நிற்பது கண்ணில் படுகிறது. அவனைப் படைத்த டச் மீ என்ற பழைய நண்பன், ஒருவர் கஷ்டத்தில் இருந்தால் உதவுவது சாதாரண விஷயம்தானே என்று எப்போதோ சொன்னது ஞாபகம் வருகிறது. அதற்காகப் போகிறான். ஒரு நண்பனின் ஞாபகம்தான் அங்கே மனசாட்சியின் வேலையைச் செய்தது. அந்த ஞாபகம் சீசனுக்குச் சீசன் மங்கிக்கொண்டே போவதுதான் ஓவர்லார்டின் உண்மையான கதை என்பேன்.

காஸெஃப் என்று ஒருவன் வருகிறானே, ராஜ்ஜியத்தின் தலைமை வீரன், கட்ஸே படுகொலைக்குப் பிறகு ஐன்ஸ் அவனைத் தன்னிடம் வந்து சேரச் சொல்லிக் கேட்கிறான். காஸெஃப் மறுத்துவிட்டு, தோற்பான் என்று நூறு சதவீதம் தெரிந்தே தனிச் சண்டைக்கு அழைக்கிறான். ஐன்ஸிடம் நேருக்கு நேர் ‘முடியாது’ என்று சொன்ன அபூர்வமான ஆள் அவன். ஐன்ஸுக்கு அவன் மேல் நிஜமான மரியாதை, தன்னிடம் இல்லாத ஏதோ ஒன்று அவனிடம் இருக்கிறது என்று தெரிகிறது. தெரிந்தும் கொன்றுவிடுகிறான்.

சைதாமா, ஜின்வூ?

இரண்டு பேருடைய உடற்பயிற்சிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 புஷ்-அப், 100 சிட்-அப், 100 ஸ்குவாட், 10 கிலோமீட்டர் ஓட்டம். அச்சு அசல் ஒன்றே! ஒன் பஞ்ச் மேன் 2009-இல் வெப் காமிக்காகத் தொடங்கியது, சோலோ லெவலிங் அதற்குப் பிறகு கொரியாவிலிருந்து வந்தது.

சைதாமா மூன்று வருடம் அதைத் தானாக விரும்பிச் செய்தான், யாரும் கேட்கவில்லை. ஜின்வூவுக்கு அது ‘சிஸ்டம்’, அதாவது அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற விளையாட்டு மாதிரியான ஏற்பாடு, தருகிற தினசரி வேலை, செய்யாவிட்டால் பாலைவனத்தில் ராட்சதப் பூரான்களோடு கொண்டுபோய் விட்டுவிடும். ஜின்வூவின் பலம் எதற்கு என்பதில் குழப்பமே இல்லை. அம்மா கண் விழிக்காமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், தங்கை படிக்க வேண்டும். இதற்குமேல் காரணம் எதற்கு? தமிழ் டப்பிங்கிலும் வந்ததால் நம் வீடுகளில் அனிமே பார்க்காதவர்கள்கூட அவனோடு ஒட்டிக்கொண்டார்கள், அதற்கு அந்த அம்மா விஷயம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் போகப்போக அவன் படை முழுக்க அவன் கொன்றவர்களின் நிழல்கள். ‘எழு’ என்றால் எழுந்து மண்டியிடும். எதிர்த்துப் பேசாத கூட்டத்தின் நடுவில் நிற்கிறவன் என்ற வகையில் ஜின்வூ கொஞ்சம் கொஞ்சமாக ஐன்ஸ் இருக்கிற இடத்தை நோக்கிப் போகிறான், இது எனக்கு அவன்மேல் இருக்கிற கவலை.

சைதாமா அதிகாரம் பக்கமே போகாதவன். கடலரசன் என்ற அரக்கனை ஒரே குத்தில் முடித்த பிறகு, கூட்டத்தில் ஒருவன் ‘இவ்வளவு சுலபமாகச் செத்துவிட்டதே, அப்போ முன்னால் அடிவாங்கிய ஹீரோக்கள் எல்லாம் வெத்துவேட்டா?’ என்று பேச ஆரம்பிக்கிறான். உடனே சைதாமா, அவர்கள் அடித்துக் களைப்பாக்கி வைத்திருந்ததால்தான் தன்னால் முடிந்தது, தான் வெறும் அதிர்ஷ்டக்காரன் என்று ஊரைக் கூட்டிச் சொல்கிறான். தன் பெயர் கெடும் என்று தெரிந்தே சொல்கிறான். சைக்கிளில் வந்து, தோற்பது நிச்சயம் என்று தெரிந்தும் மழையில் நின்ற லைசென்ஸ் இல்லாத ரைடரின் மானத்தை அந்தப் பொய் காப்பாற்றியது. பிறகு அதே ரைடர் அவனுக்கு ஓடென் கடையில் சாப்பாடு வாங்கித் தருகிறான். அந்தச் சாப்பாட்டை எனக்கு எந்தச் சண்டைக் காட்சியைவிடவும் பிடிக்கும்.

மாபிடம் அப்படி என்ன விசேஷம்?

இந்தப் பட்டியலில் தன் பலத்தைப் பெரிதாக மதிக்காதவன் அவன் ஒருவன்தான். கட்டிடத்தைப் பெயர்த்துத் தூக்கக்கூடிய எட்டாம் வகுப்புப் பையன். அவன் ஆசைப்படுவது, கொஞ்சம் உடம்பைத் தேற்றி, சுபோமி என்ற பெண் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதுதான். அதற்காகப் பள்ளியில் உடற்பயிற்சிக் கிளப்பில் சேர்ந்து நான்கு எட்டு ஓடினதும் மயங்கி விழுகிறான்.

அவனுடைய குரு ரெய்கென். எந்தச் சக்தியும் இல்லாத டுபாக்கூர் ஆசாமி, மாபுக்கு மணிக்கு 300 யென் கொடுத்துப் பேயோட்டும் கடை நடத்துகிறான். ஆனால் சின்ன வயதில் ‘என் சக்தியைப் பார்த்து எனக்கே பயமாக இருக்கிறது’ என்று மாப் வந்து நின்றபோது அவன் சொன்னது ஒன்று உண்டு. சிலர் வேகமாக ஓடுவார்கள், சிலர் நன்றாகப் படிப்பார்கள், சிலருக்கு உடம்பு நாற்றம் அடிக்கும், உன்னுடையதும் அப்படி ஒரு குணம்தான், அதனால் நீ மேலானவன் ஆகிவிட மாட்டாய், கத்தியைப் போல அதையும் மனிதர்கள் மேல் திருப்பாதே என்கிற பொருளில் சொல்கிறான். வாயில் வந்ததை அடித்துவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். பையன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டான்.

முதல் சீசனின் முடிவில் க்ளா என்ற, உலகத்தைப் பிடிக்கத் திரிகிற அமானுஷ்ய சக்திக் கும்பலின் ஆட்கள் சூழ்ந்துகொள்ள, மாபுக்குள் கோபம் கொலைவெறியாக ஏறிக்கொண்டே போகிறது. அப்போது ரெய்கென் குறுக்கே வந்து, வேண்டாம், இதைச் செய்தால் கடைசியில் வேதனைப்படப்போவது நீதான், முடியாதபோது ஓடிப்போவதில் தப்பில்லை என்கிறான். அந்த நொடியில் பின்னாலிருந்து அவன் முதுகில் வாள் இறங்குகிறது. மாப் வெடிக்கிறான்தான், ஆனால் நூறு சதவீதத்தை எட்டுவது நன்றி! அவன் சக்தி மொத்தமும் ரெய்கெனுக்குப் போய்விடுகிறது. கொஞ்ச நேரம் உலகத்திலேயே பலசாலியாக நிற்கிற ரெய்கென் அதை வைத்து என்ன செய்கிறான்? வளர்ந்த ஆட்கள் உலகத்தைப் பிடிக்கிறோம் என்று திரிகிறீர்களே, போய் ஒழுங்காக வேலை தேடுங்கள் என்று அந்தக் கும்பலுக்குப் புத்தி சொல்கிறான்.

இடித்துச் சொல்கிற ஆளுக்குப் பலமே தேவையில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய தொடர் வேறு இல்லை.

ஃப்ரீரென் தன் பலத்தை மறைப்பது ஏமாற்று வேலைதானே?

ஆமாம், ஏமாற்றுதான், அவளே அதை மறுப்பதில்லை. குரு ஃப்ளாம்மே கற்றுக்கொடுத்த தந்திரம் அது. அசுரர்களுக்கு மானா என்ற மாயசக்திதான் மானம், யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை வெளியே காட்டித்தான் பதவி பிடிக்கிறார்கள். அதனால் ஒருவர் தன்னிடம் இருப்பதை ஆயுள் முழுக்க ஒளித்து வைப்பார் என்பது அவர்கள் புத்திக்கே எட்டாது. ஃப்ரீரென் 1,000 வருடத்துக்கும் மேலாக அதைச் செய்து வந்திருக்கிறாள்.

பத்தாவது எபிசோடில் முடிகிற சண்டையில் எதிரே நிற்பவள் அவுரா, 500 வருடத்துக்கும் மேல் வாழ்ந்த அசுரி. கையில் ஒரு தராசு. இரண்டு பேருடைய ஆன்மாவையும் ஏற்றி, யாருடைய மானா கனமோ அவர் சொன்னபடி மற்றவர் கேட்க வேண்டும். தலை வெட்டிய வீரர்களின் படை ஒன்றை அப்படித்தான் வைத்திருக்கிறாள். பலம் கூடியவன் சொல்வதைக் குறைந்தவன் கேட்க வேண்டும் என்ற சித்தாந்தத்தை அப்படியே ஒரு பொருளாகச் செய்து கையில் கொடுத்த மாதிரி! அந்தத் தராசு ஃப்ரீரென் பக்கம் சாய்கிறது. ‘அவுரா, உன் உயிரை நீயே எடுத்துக்கொள்’ என்று அமைதியாகச் சொல்லிவிட்டு ஃப்ரீரென் திரும்பி நடக்கிறாள். பலரும் ரசிப்பது இந்த இடத்தைத்தான்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்குக் கொஞ்சம் முந்தைய இடம். அந்தத் தலையில்லா வீரர்களை அடித்து நொறுக்காமல், கஷ்டப்பட்டு ஒவ்வொருவர் மேலிருந்தும் மந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறாள் ஃப்ரீரென். முன்பு ஒருமுறை பலமாக அடித்து உடல்களைச் சிதைத்ததற்காக அவளோடு முன்பு பயணம் செய்த வீரன் ஹிம்மல் கோபப்பட்டிருக்கிறான், அதனால்தான் இப்படி. அவுராவுக்குப் புரியவில்லை. ‘ஹிம்மல்தான் செத்துவிட்டானே?’ என்கிறாள்.

செத்துவிட்டான், வயதாகி, வழுக்கை விழுந்து, 50 வருடம் கழித்து வந்த அவளுக்காகக் காத்திருந்துவிட்டுச் செத்துவிட்டான். ஆனாலும் அவன் கோபத்துக்கு அவள் இன்னும் கட்டுப்படுகிறாள். ஐன்ஸிடம் டச் மீயின் ஞாபகம் மங்குகிறது, ஃப்ரீரெனிடம் ஹிம்மலின் ஞாபகம் வளர்கிறது. இரண்டையும் அனிமேவாக எடுத்தது மேட்ஹவுஸ் ஸ்டூடியோதான், ஒன்று 2015-இல், இன்னொன்று 2023-இல்.

அப்புறம் பூ மந்திரம். மந்திரவாதித் தேர்வின் கடைசிச் சுற்றில் தேர்வு செய்கிற மூத்த மந்திரவாதி ஸெரியே உனக்குப் பிடித்த மந்திரம் எது என்று கேட்கிறாள், பூந்தோட்டம் வரவழைப்பது என்கிறாள் ஃப்ரீரென். அதற்காகவே தேர்வில் தவறவிடப்படுகிறாள். அவள் சிஷ்யை ஃபெர்ன் தேறிவிடுகிறாள், எந்த மந்திரம் வேண்டுமானாலும் கேள் என்றதும் துணியைப் பளிச்சென்று வெளுக்கிற மந்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். ஸெரியேயின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

ஆனோஸ், சிட் இவர்களை ஏன் விட்டுவிட்டீர்கள்?

விடவில்லை, ஆனால் அவர்களைப் பற்றிச் சொல்ல எனக்குக் குறைவாகத்தான் இருக்கிறது. ‘தி மிஸ்ஃபிட் ஆஃப் டீமன் கிங் அகாடமி’ தொடரின் ஆனோஸ் 2,000 வருடம் கழித்து மறுபிறவி எடுத்த அசுர அரசன், ரத்தத் தூய்மை பேசுகிற கல்லூரி அவனுக்கே ‘தகுதியற்றவன்’ என்று முத்திரை குத்துகிறது. பிறப்பை வைத்து மேல் கீழ் பார்க்கிறவர்களை அவன் போட்டுப் புரட்டுவது பார்க்க நிறைவாக இருக்கும். அம்மா செய்கிற காளான் கிராட்டினுக்காக வீட்டுக்கு ஓடி வருவதும் அழகு. ‘தி எமினன்ஸ் இன் ஷேடோ’ தொடரின் சிட் அணுகுண்டையே எதிர்த்து நிற்க வேண்டும் என்று யோசித்து, கடைசியில் தானே அணுகுண்டாகிவிடுவது என்று முடிவெடுத்தவன். நிழலில் இருந்து ஆட்டிவைக்கிறவனாக நடிப்பது அவனுக்கு ஆசை, தான் கட்டிவிட்ட கதை நிஜம் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. கூட இருக்கிற பெண்கள் உயிரைக் கொடுத்துப் போராடுவது அவன் கண்ணில் படவே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

மாப் சைக்கோ. 2016, 2019, 2022 என்று மூன்று சீசனில் கதை முழுமையாக முடிந்துவிடும், பாதியில் தொங்காது. அதன் பிறகு ஃப்ரீரென், அவசரப்படாமல், ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ. மூன்றாவது எபிசோடில் குவால் என்ற கிழட்டு அசுரன் வருவான், அதைக் கவனித்துப் பாருங்கள். யாராலும் தடுக்க முடியாத கொலை மந்திரத்தைக் கண்டுபிடித்தவன் அவன். அவனை 80 வருடம் அடைத்து வைத்திருந்த காலத்தில் மனிதர்கள் அந்த மந்திரத்தைப் பிரித்து மேய்ந்து, அது இப்போது மாணவர்கள் படிக்கிற சாதாரணப் பாடமாகிவிட்டது. வெளியே வந்து தன் பிரம்மாஸ்திரத்தை விடுகிறான், ஃபெர்ன் என்ற சின்னப் பெண் அதைத் தடுத்து நிறுத்துகிறாள்.

ஸ்லைமைப் பொறுத்தவரை முதல் சீசன் லேசாகப் போகும், அதை வைத்து முடிவு கட்டிவிடாமல் இரண்டாம் சீசனின் பாதிவரை வாருங்கள். ஓவர்லார்டைக் கடைசியில் வையுங்கள். கட்ஸே சமவெளி வரும் இரவு, முதல் எபிசோடில் அவன் அந்தக் காலி நாற்காலியோடு பேசுகிற இடத்தை இன்னொரு தரம் போட்டுப் பாருங்கள்.